கால்சியம் மாத்திரை... சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?

சேரன்மகாதேவியோ அம்பாசமுத்திரமோ, எந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு செக்-அப் போனாலும், கர்ப்பிணிகள் கையில் ரெண்டு வகை மாத்திரை இருக்கும். ஒண்ணு இரும்புச்சத்து, இன்னொண்ணு கால்சியம். ரெண்டையும் சேர்த்து வெறும் வயிற்றில் ஒரே மடக்கில் முழுங்கினா என்ன ஆகும்? மாத்திரை உள்ளே போகும். ஆனா, சத்து முழுசா உடம்பில் சேராது.

ஏன் சாப்பாட்டோட?

அரசு தர்ற மாத்திரையிலும், மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கிற பெரும்பாலான மாத்திரைகளிலும் இருப்பது கால்சியம் கார்பனேட். இது கரைய வயிற்றில் அமிலம் வேணும். சாப்பிடும்போதுதான் அமிலம் நல்லா சுரக்கும். உணவோட சேர்ந்து மெதுவா குடலுக்கு இறங்குறதால, உறிஞ்சவும் நேரம் கிடைக்கும். விருந்துச் சாப்பாடெல்லாம் தேவையில்லை. ரெண்டு இட்லியோ, ஒரு தட்டு உளுந்தஞ்சோறோ போதும்.

கால்சியம் சிட்ரேட் வேற ரகம். அதுக்கு அமிலம் அவ்வளவா தேவைப்படாது. எப்ப வேணாலும் போடலாம். தினமும் கேஸ் மாத்திரை எடுக்கிறவங்களுக்கும், அமிலம் குறைவா சுரக்கிற வயசானவங்களுக்கும் இது பொருந்தும். எது உங்களுக்குன்னு டாக்டர்கிட்ட கேளுங்க.

அட்டையைத் திருப்பிப் பாருங்க

'கால்சியம் கார்பனேட் 1250 மி.கி.' என்று போட்டிருந்தா, அதில் உண்மையான கால்சியம் 500 மி.கி.தான். ஒரே நேரத்தில் 500 மி.கி.க்கு மேல் போனா, உடம்பு உறிஞ்சும் விகிதம் குறையும். அதனால ரெண்டு மாத்திரைன்னா ரெண்டு வேளையா பிரிச்சுக்கோங்க.

கர்ப்பிணிகளுக்கு முக்கியம்

மத்திய அரசின் 2014-ம் ஆண்டு வழிகாட்டுதல்படி, கர்ப்பத்தின் 14-வது வாரத்திலிருந்து பிரசவத்துக்குப் பிறகு 6 மாசம் வரை, தினமும் ரெண்டு முறை 500 மி.கி. கால்சியம் மாத்திரை, சாப்பாட்டோட. உணவில் கால்சியம் குறைவா இருக்கிற பெண்களுக்கு, கர்ப்பகாலத்தில் ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வரைக்கும் போகிற ஆபத்தை இது குறைக்கும். தாய், பிள்ளை ரெண்டு உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

இரும்பு மாத்திரையை இதோட சேர்க்கவே கூடாது. இரும்புச்சத்து சேர்வதை கால்சியம் தடுக்கும். குறைஞ்சது 2 மணி நேரம் இடைவெளி வேணும். சுலபமான வழி இதோ:

* காலைச் சாப்பாட்டோட: கால்சியம்
* மதியச் சாப்பாட்டோட: கால்சியம்
* இரவு சாப்பிட்டு 2 மணி நேரம் கழிச்சு: இரும்பு மாத்திரை

இரும்பு மாத்திரையை டீ, காபி, பாலோட முழுங்க வேணாம். தண்ணி போதும்.

தைராய்டு மாத்திரை போடுறவங்க அதுக்கும் கால்சியத்துக்கும் 4 மணி நேரம் இடைவெளி விடணும். சிறுநீரகக் கல் இருக்கிறவங்க டாக்டரைக் கேட்காம கால்சியம் மாத்திரையைத் தொடாதீங்க.

தட்டிலும் இருக்கு

பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 1000 மி.கி. கால்சியம் தேவை என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மி.கி. இருக்கு. பால், தயிர், மோர், முள்ளோட சாப்பிடுற நெத்திலி எல்லாமே கைகொடுக்கும். நம்ம ஊர் உளுந்தஞ்சோத்துக்குத் தொட்டுக்கிற எள்ளுத் துவையலும் அந்தக் கணக்கில் சேரும்.

முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் பீடி சுத்துற அக்காமார் பலருக்கு, கணக்கு முடிக்கிற அவசரத்தில் காலைச் சாப்பாடு தள்ளிப்போகும். அப்படின்னா மாத்திரையும் தள்ளியே போகட்டும். டீயை மட்டும் குடிச்சிட்டு போட வேணாம். உங்க வீட்டில் அக்காவோ மதினியோ மாசமா இருந்தா, இன்னிக்கே ரெண்டு அட்டையையும் வாங்கி, நேரத்தைப் பேனாவால் எழுதிக் கொடுங்க.