அஜைல் கொள்முதல்

அஜைல் கொள்முதல் என்பது அரசுத் துறைகளும் பெரிய நிறுவனங்களும் மென்பொருளை ஒரே பெரிய ஒப்பந்தமாக வாங்காமல், சிறு பகுதிகளாக வாங்கி, ஒவ்வொன்றையும் பயன்படுத்திப் பார்த்த பிறகு அடுத்ததை முடிவு செய்யும் முறை. 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 மென்பொருள் வல்லுநர்கள் கூடி வெளியிட்ட அஜைல் அறிக்கையிலிருந்து இதன் பெயர் வந்தது. தகவல் தொழில்நுட்பத்தைப் பகுதி பகுதியாக வாங்க வேண்டும் என்ற கருத்து அதற்கும் முந்தியது; அமெரிக்காவின் 1996ஆம் ஆண்டுக் கிளிங்கர்-கோஹன் சட்டத்திலேயே அது உண்டு. சட்டம் இருந்தும் பழக்கம் மாறவில்லை. தேவைகள் அனைத்தையும் முன்கூட்டியே எழுதி டெண்டர் விடுவார்கள். பொருள் கைக்கு வரும்போது தேவையே மாறிப்போயிருக்கும்.

இதற்குத் தெளிவான சான்று அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் வழக்குக் கோப்பு மென்பொருள். முதல் முயற்சி சுமார் 17 கோடி டாலரை விழுங்கிவிட்டு 2005இல் கைவிடப்பட்டது. அடுத்து 'சென்டினல்' என்ற திட்டம் 2006இல் லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. 2010இல் தணிக்கை செய்தபோது, 45.1 கோடி டாலர் ஒதுக்கீட்டில் 40.5 கோடி செலவாகியிருந்தது. நான்கு கட்டங்களில் இரண்டே முடிந்திருந்தன. அந்த ஆண்டு எஃப்.பி.ஐ. பொறுப்பைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. சிறிய குழு ஒன்று அஜைல் முறையில், இரண்டு வாரத்துக்கு ஒரு 'ஸ்பிரிண்ட்' என்று வேலை செய்தது. ஒவ்வொரு ஸ்பிரிண்ட் முடிவிலும் ஓடும் மென்பொருளைக் காட்ட வேண்டும். இந்த முறையிலும் குறித்த தேதி தள்ளிப்போனது உண்மைதான். ஆனாலும் 2012 ஜூலையில் சென்டினல் முழுமையாகப் பயன்பாட்டுக்கு வந்துவிட்டது.

ஒப்பந்ததாரரைத் தேர்ந்தெடுக்கும் விதமும் மாறியது. 2014இல் தொடங்கப்பட்ட 18எஃப் என்ற அமெரிக்க அரசு தொழில்நுட்பக் குழு, மறு ஆண்டு விட்ட டெண்டரில் வெறும் முன்மொழிவை ஏற்கவில்லை. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் பொதுத் தரவைக் கொண்டு இயங்கும் மாதிரி ஒன்றைச் செய்து, அதன் நிரலை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடச் சொன்னது. நன்றாக எழுதத் தெரிந்தவரைவிட நன்றாகச் செய்யத் தெரிந்தவரைக் கண்டறிய இதைவிட நேர்மையான வழி இல்லை.

அமெரிக்க இராணுவக் கொள்முதலில் 2020 அக்டோபரில் மென்பொருளுக்கென்றே தனி விதிமுறை வந்தது. அதன்படி, ஒப்பந்தத்துக்கு முதன்முதலாக நிதி உறுதிசெய்யப்பட்ட ஓராண்டுக்குள் பயன்படத்தக்க வடிவம் ஒன்று களத்துக்குச் சென்றாக வேண்டும்.

வேகம் இம்முறையின் விளைவுதான்; அதன் உயிர் வாங்குபவரின் அறிவில் இருக்கிறது. இரண்டு வாரத்துக்கொரு முறை காட்டப்படுவதைப் பார்த்து 'இது தேறாது' என்று சொல்ல, துறைக்குள்ளேயே தேர்ந்த பொறியாளர்கள் வேண்டும். அவர்கள் இல்லாத இடத்தில் ஸ்பிரிண்ட் என்பது பழைய ஒப்பந்தத்துக்கு ஒட்டிய புதுப் பெயராகிவிடும். 2025 மார்ச்சில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, 2020 விதிமுறை வகுத்த மென்பொருள் கொள்முதல் வழியையே மென்பொருளுக்கான முதன்மை வழியாக அறிவித்தது. அதே மாதம் 18எஃப் கலைக்கப்பட்டது. அரசுக் கொள்முதலுக்கு அது பெரிய இழப்பு.