பிராம்மி முதல் ஒருங்குறி வரை

ஆதிபகவனாகிய விருஷப தீர்த்தங்கரர் தம் புதல்வியருள் பிராம்மிக்கு எழுத்தையும் சுந்தரிக்கு எண்ணையும் கற்பித்தருளினார் என்பது ஜைன மரபு. பிராம்மியின் பெயர் தாங்கிய எழுத்தின் தமிழ் வடிவமே பாண்டிநாட்டுக் குகைகளில், சமண முனிவர்தம் கற்படுக்கைகளின் அருகே வெட்டப்பட்டுள்ளது. மாங்குளத்தில் கணிநந்தன் என்னும் முனிவருக்கு நெடுஞ்செழியனின் பணியாளர் அறஞ்செய்த செய்தி கி.மு. 2-ஆம் நூற்றாண்டைச் சார்ந்தது. இத்தகைய குகைக் கல்வெட்டுகளின் மொழி தமிழே என்பதை 1924-இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துக்காட்டினார்.

பிராகிருதத்திற்கு வேண்டாத ழ, ற, ன ஆகிய எழுத்துகளுக்குத் தமிழர் தனி வடிவம் கண்டனர். மெய்யெழுத்துக்கும், குறிலாகிய எகர ஒகரங்களுக்கும் புள்ளியிட்டனர். தொல்காப்பியம் கூறும் இம்முறையை, அருக சமயத்தவரான பவணந்தி முனிவரும் நன்னூலில் வைத்தார்.

கணினிக்கான ஒருங்குறித் தரத்தில் இவற்றுள் எவற்றுக்கு இடம் தருவது? வடிவம் மாறினால் மட்டும் போதாது; எழுத்தே வேறாதல் வேண்டும் என்பது அதன் பொதுநெறி. 2010-இல் பிராம்மி சேர்ந்தபோது ழ, ற, ன மூன்றும் உடன் சேர்ந்தன. தமிழ்ப் புள்ளி சேரவில்லை. வடபுலப் பிராம்மியில் உயிர்நீக்கக் குறி மெய்களைக் கூட்டெழுத்தாக்கும். தமிழ்ப் புள்ளியோ மெய்யைத் தனித்து நிறுத்தும். ஆதலின் ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. 2021-இல் வந்த 14-ஆம் பதிப்பில் புள்ளி, குறில் எகரம், ஒகரம், அவற்றின் உயிர்க்குறிகள் இரண்டு, பழந்தமிழ் ளகரம் என ஆறும் இடம்பெற்றன.

கிரந்தத்திற்கு இடம் எளிதில் கிட்டவில்லை. எ, ஒ, ழ, ற, ன ஆகிய ஐந்தையும் கிரந்தத் தொகுதியில் சேர்க்கும் முன்மொழிவுக்கு 2010-இல் தமிழ்நாட்டில் எதிர்ப்பு எழுந்தது. 2014-இல் அவ்வைந்தும் இன்றியே கிரந்தம் சேர்ந்தது. மணிப்பிரவாள நடையிலமைந்த ஸ்ரீபுராணம் போன்ற நூல்களைப் போற்றுவோர்க்கு இது பயன்தருவதாகும்.

பிற்காலத்தில் எகர ஒகரப் புள்ளி வழக்கொழிந்தது. பெரம்பலூரிலிருந்து பிரிந்த அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் 18-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வீரமாமுனிவரின் பெயரோடு, நெடிலைப் பிரித்துக் காட்டும் இன்றைய ஏ, ஓ வடிவங்கள் இணைத்துப் பேசப்படுகின்றன. முன்னர்ப் புள்ளியற்ற எ நெடில். இன்று அதுவே குறில். வடிவம் இடம் மாறினும் எழுத்து மாறவில்லை. ஆகவே ஒருங்குறியில் பழைய நெடிலுக்கெனத் தனி எண் இல்லை. அதனை ஏ என்றே பதிதல் வேண்டும்.

ஏடெழுதுவோரோ பெரும்பாலும் புள்ளியே இடார். ஏட்டில் 'எரி' என்றிருப்பது நெருப்பா, நீர்நிலையா என்பதைப் பதிப்பாளர் பொருள் நோக்கித் துணிகிறார். துணிந்து அச்சிட்டபின் அந்த ஐயம் இருந்த சுவடும் மறைந்துவிடுகிறது. துணிவு பிழையாயின் திருத்துதற்கு மூல ஏடு வேண்டும். எனவே, இல்லங்களிலும் ஜினாலயங்களிலும் உள்ள சுவடிகளைக் கணினியில் ஏற்றுவோர், ஒவ்வோர் ஏட்டின் நிழற்படத்தையும் உடன் சேர்த்து வைப்பதும், மூல ஏட்டைக் கைவிடாது காப்பதும் சுருதஞானத்திற்குச் செய்யும் தொண்டாகும்.