ட்ரெய்லர் வாலில் விளக்கு எரியாத கதை

ராத்திரி நேரத்துல துறைமுகச் சாலையில பைக் ஓட்டுற நம்ம ஊர்க்காரங்களுக்கு இந்த பயம் தெரியும். முன்னாடி ரோடு காலியா கிடக்குன்னு நினைச்சா, அந்த இருட்டே ஒரு நாற்பதடி ட்ரெய்லரா இருக்கும்! பின்னால ஒரு சிவப்புப் புள்ளி கூட இருக்காது. இதுக்கு டிரைவரைத் திட்டிட்டுப் போயிடலாம். ஆனா இதுக்கும் ஒரு சரித்திரம் இருக்கு அண்ணாச்சி.

பழைய துறைமுகத்துல ஆழம் கம்மி. பெரிய கப்பல் தூரத்துல நங்கூரம் போட்டு நிற்கும். தோணிதான் சரக்கைக் கரை சேர்க்கும். கரையில மாட்டுவண்டி. அச்சுக்குக் கீழே ஒரு ராந்தல் தொங்கும். விளக்கும் அவரோடது, எண்ணெயும் அவரோடது. அணைஞ்சா வண்டிக்காரரே இறங்கி ஏத்திக்குவார்.

புதுத் துறைமுகம் 1974-ல பெரிய துறைமுகமா அறிவிக்கப்பட்டுச்சு. அதுக்குள்ள வெளியுலகத்துல இன்னொரு மாற்றம் நடந்திருந்துச்சு. 1956 ஏப்ரல்ல, லாரித் தொழில்ல இருந்து வந்த மால்கம் மெக்லீன்ங்கிற அமெரிக்கர், 58 பெட்டிகளை 'ஐடியல் எக்ஸ்' கப்பல்ல ஏத்தி ஹூஸ்டனுக்கு அனுப்பினார். கன்டெய்னர் யுகம் அங்க ஆரம்பம். கழட்டி மாட்டுற ட்ரெய்லர் அதுக்கு முன்னாலயே உண்டு. ஆனா பெட்டி வேற, சக்கரம் வேற, இஞ்சின் வேறன்னு ஆனது இதுக்கப்புறம்தான். இன்னைக்கு ஒரு புல்லர் எந்த ட்ரெய்லரையும் இழுக்கும்.

சிக்கல் அங்கதான். பல்பு ஒரு வண்டியில, பேட்டரி இன்னொரு வண்டியில. நடுவுல ஒரு சுருள் கேபிள், ஏழு பின் சாக்கெட். 24 வோல்ட் வண்டியில வழக்கமான வரிசை இது: 1 எர்த், 2 இடது டெயில் லைட், 3 இடது இன்டிகேட்டர், 4 பிரேக், 5 வலது இன்டிகேட்டர், 6 வலது டெயில். ஏழாவது வண்டிக்கு வண்டி மாறும்.

எல்லா பல்போட கரண்டும் திரும்பிப் போற ஒரே பாதை ஒண்ணாம் நம்பர். நம்ம ஊர்ல உப்பளத்துக் காத்தும் கடல் காத்தும் செம்புக் கம்பியைப் பச்சையாக்கி அரிச்சுடும். எர்த் அறுந்தா கரண்ட் வேற வழி தேடும். பக்கத்து பல்பு வழியா புகுந்து பின்னாலயே போகும். அதனாலதான் பிரேக்கை மிதிச்சா இன்டிகேட்டர் மங்கலா மினுக்கும், டெயில் லைட் அணையும். பேய் பிடிச்ச மாதிரி இருக்கும். பேய் இல்லை, எர்த்!

கண்டுபிடிக்கிற வரிசை இதான்:

முதல்ல அதே ட்ரெய்லரை வேற நல்ல புல்லர்ல மாட்டிப் பாருங்க. கோளாறு போயிடுச்சா, பழைய புல்லர்ல தேடணும். அப்படியே இருக்கா, ட்ரெய்லர்ல.

அடுத்து புல்லர் சாக்கெட்ல டெஸ்ட் லாம்ப். ஒரு முனை ஒண்ணாம் பின்ல, இன்னொண்ணு மத்த பின் ஒவ்வொண்ணுலயும். எல்லாம் எரிஞ்சா புல்லர் சுத்தம்.

மூணாவது, பேட்டரி நெகட்டிவ்ல இருந்து டெயில் லாம்ப் எர்த்துக்கு தற்காலிகமா ஒரு ஒயர் இழுங்க. எல்லாம் சரியானா நோய் எர்த்துலதான்.

பச்சை பிடிச்ச கம்பியை செம்பு பளபளன்னு தெரியிற வரை வெட்டிட்டு, லக் போட்டு அழுத்தி, தண்ணி புகாம மூடணும். முறுக்கி டேப் சுத்தினா அடுத்த மழைக்கே உப்பு உள்ள போயிடும். ப்யூஸ் அடிக்கடி போகுதுன்னு பெரிய ப்யூஸ் போடுறது மட்டும் வேண்டவே வேண்டாம்; ஒயர் தீப்பிடிக்கும்.

1989-ஆம் வருஷ மத்திய மோட்டார் வாகன விதிகள் பின்பக்க சிவப்பு விளக்கையும் ரிஃப்ளெக்டரையும் கட்டாயமாக்கியிருக்கு. ரிஃப்ளெக்டருக்குக் கரண்டே வேண்டாம். மேல படிஞ்ச தூசியைத் துடைச்சாப் போதும்.

புல்லருக்கு தினம் ஒரு டிரைவர் உண்டு. ட்ரெய்லருக்கு யாரு? யார்டுல கிடக்கும்போது யாருக்கும் சொந்தமில்லாத மாதிரி கிடக்கும். அதனால மாட்டினதும் ஒருத்தர் பிரேக்கை மிதிக்க, இன்னொருத்தர் பின்னால நின்னு பார்க்கணும். கிளீனர் இல்லையா? இருட்டினதும் சுவர்ப் பக்கமா ரிவர்ஸ் எடுத்து, சுவர்ல சிவப்பு விழுதான்னு கண்ணாடியில பாருங்க. ரெண்டு நிமிஷம்தான் ஆகும். பின்னால வர்ற பைக்காரன் வீடு போய்ச் சேருவான்.