ஒப்பந்தம் நிறைவேற்ற இயலாமை

ஒப்பந்தம் செய்த பிறகு, இரு தரப்பிலும் குற்றம் இல்லாமலே ஒப்புக்கொண்ட காரியம் நடக்க முடியாமல் போகும் நிலை. கடமை தீர்ந்ததா, கைமாறிய பணம் யாருக்கு என்ற இரு கேள்விகள் இதில் எழும். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் (1872) 56-ஆம் பிரிவு முதற்கேள்விக்கும், 65-ஆம் பிரிவு அடுத்ததற்கும் விடை தருகின்றன. விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம் உப்பளங்கள் போலப் புயல் வந்து போகும் கரையில் இரண்டும் ஒருசேர எழக்கூடியவை.

  

இக்கோட்பாடு உருப்பெற்றது இங்கிலாந்தில். படை புகுந்து நிலத்தைப் பிடித்துக்கொண்டாலும் குத்தகைப் பணம் கட்டியே ஆக வேண்டும் என்றது 1647-ஆம் ஆண்டுத் தீர்ப்பு (பாரடைன் – ஜேன்). வாடகைக்குப் பேசிய இசையரங்கு எரிந்துபோன வழக்கில் (டெய்லர் – கால்டுவெல், 1863) அந்தக் கடுமை தளர்ந்தது. 1902-இல் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு ஊர்வலம் தள்ளிப்போனபோது, அதைப் பார்க்க அறை பிடித்தவர்கள் நீதிமன்றம் ஏறினர். ஒருவர் மீதி வாடகை தர வேண்டாம் என்று தீர்ப்புப் பெற்றார். மற்றொருவருக்கோ, முன்பே கொடுத்தது திரும்பாது, பாக்கியும் தர வேண்டும் என்றாயிற்று. இந்த அநீதியைப் பிரபுக்கள் அவை 1942-இல்தான் திருத்தியது.

இந்தியச் சட்டம் அதற்கு எழுபது ஆண்டுகள் முந்தியது. 65-ஆம் பிரிவின் எடுத்துக்காட்டு ஒன்றில், 1,000 ரூபாய் முன்பணம் வாங்கிய பாடகர் நோயால் பாட முடியாமல் போகிறார். கச்சேரி நடந்திருந்தால் வந்திருக்கும் லாபத்துக்கு அவர் பொறுப்பில்லை, முன்பணத்தை மட்டும் திருப்பித் தர வேண்டும். இத்தனை தெளிவான விதி ஒப்பந்தச் சட்டத்தில் அரிது.

எது ‘இயலாமை’ என்பதை உச்சநீதிமன்றம் சத்தியபிரத கோஷ் வழக்கில் (1953) விளக்கியது. கல்கத்தாவில் 101 ரூபாய் அச்சாரம் கொடுத்துப் பேசிய மனையைப் போர்க்காலத்தில் அரசு தற்காலிகமாகக் கையகப்படுத்தியது. ஒப்பந்தத்தின் அடிப்படையே குலைந்தாலும் அது இயலாமைதான் என்றார் நீதிபதி பி. கே. முகர்ஜியா. ஆயினும் போர்க்காலத் தாமதம் இரு தரப்பும் அறிந்ததே என்பதால் அந்த ஒப்பந்தம் பிழைத்தது. விலையேற்றம் மட்டும் இயலாமை ஆகாது என்று நெய் வழங்கிய அலோபி பர்ஷாத் வழக்கில் (1960) முடிவாயிற்று.

உப்பளத்தில் பொருந்துவது பெரும்பாலும் 1930-ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டம். பாத்தியில் வாரிய உப்பு அம்பாரமாகக் குவிந்து கிடக்கிறது. பேரம் முடிந்தபின் மழை கரைத்துவிட்டது. குறிப்பிட்ட அம்பாரத்தை மொத்த விலைக்குப் பேசியிருந்தால், வேறு உடன்பாடு இல்லாதவரை, நட்டம் வாங்கியவருக்கு. டன் கணக்கில் விலை பேசி, விற்றவர் இன்னும் எடை போடவில்லை என்றால் உப்பு அவருடையதே. பேரம் ரத்தாகும், முன்பணம் திரும்ப வேண்டும். எந்த அளத்து உப்பு என்று சொல்லாமல் ‘நூறு டன்’ என்று மட்டும் பேசியிருந்தால், தூத்துக்குடியில் வாங்கியாவது கொடுத்தாக வேண்டும். வடகிழக்குப் பருவமழை ஆண்டுதோறும் வருவது. ஆகவே புயல் எதிர்பாராததா என்பது வழக்குக்கு வழக்கு வாதிக்கத்தக்கது.

அளத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் நிலை வேறு. நிலம் கைமாறிய குத்தகைக்கு 56-ஆம் பிரிவு செல்லாது என உச்சநீதிமன்றம் 1968-இல் கூறியது. சொத்து மாற்றச் சட்டத்தின் (1882) 108-ஆம் பிரிவோ நிலம் நிரந்தரமாகப் பயனற்றுப் போயிருக்க வேண்டும் என்கிறது. நீர் வடிந்ததும் மீண்டும் விளையும் அளத்துக்கு அதைக் காட்டுவது கடினம்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது மரக்காணம் உப்பளங்கள் மூழ்கின. இப்படி வேலை நின்றாலும் அதுவரை ஈட்டிய கூலி தீர்ந்துவிடாது. உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்குத் தமிழ்நாடு அரசு தரும் 5,000 ரூபாய் மழைக்கால உதவி ஒரு நலத்திட்டமே. மழைக்கு முன் செய்த வேலைக்கான கூலி அதில் சேராது; அது முதலாளி தனியே கொடுக்க வேண்டிய பாக்கி.