சிதம்பரம் எஸ். ஜெயராமன்

சிதம்பரம் எஸ். ஜெயராமன் (6 ஜனவரி 1917 – 29 ஜனவரி 1995) கருநாடக இசைப் பாடகர், திரைப்பட இசையமைப்பாளர், 1950களில் சிவாஜி கணேசன் முதலிய நடிகர்களுக்குப் பின்னணி பாடியவர். அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தில், சிதம்பரத்தில் பிறந்தார். தந்தை சுந்தரம் பிள்ளை. மு. கருணாநிதியின் முதல் மனைவி பத்மாவதி இவருடைய சகோதரி. இளமையில் சில படங்களில் நடித்திருந்தாலும், அவர் பெயர் நிலைத்தது முகம் காட்டாமல் செய்த வேலையில்தான். டி. எம். சௌந்தரராஜனுக்கு முன் சிவாஜிக்குப் பாடியவர் என்று ஒரே வரியில் அவரை முடித்துவிடுகிறார்கள். இது அவருக்குச் செய்யும் அநியாயம். அவர் பாடியதோடு நிற்கவில்லை, குரலாலேயே நடித்தார்.

சிவாஜியின் முதல் படமான ‘பராசக்தி’யில் (1952) பசித்துத் தெருவில் திரியும் குணசேகரனுக்காகக் காகத்தை அழைத்துப் பாடும் பாட்டில், கச்சேரிக் கம்பீரத்தை அவர் அப்படியே அடக்கிக்கொண்டார். ஏளனமும் இரக்கமும் கலந்த தெருக்குரல் அது. ‘ரத்தக்கண்ணீர்’ (1954) இன்னும் வலுவான சான்று. அதன் பாடல்களுக்கு இசையமைத்தவரும் அவரே. குற்றவாளிக்கு நிம்மதி ஏது என்று கேட்கும் அந்தப் பாட்டில், நோயுற்ற மோகனாக வரும் எம். ஆர். ராதா இடையிடையே பேசுகிறார். ராதாவின் கரகரப்பு ஒரு நொடி, ஜெயராமனின் கார்வை மறுநொடி. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனாலும் இருவர் குரல் என்ற எண்ணமே கேட்பவருக்கு எழுவதில்லை. பாத்திரத்தின் வேதனை பேச்சிலும் பாட்டிலும் ஒன்றாகவே ஓடுவதுதான் காரணம். ‘சம்பூர்ண ராமாயண’த்தில் (1958) டி. கே. பகவதியின் ராவணன், எந்த வேளைக்கு, எந்த உணர்வுக்கு எந்த ராகம் என்று அவையில் பாடியே விடை சொல்கிறான். காலைக்குப் பூபாளம், இரக்கத்துக்கு நீலாம்பரி, கயிலைநாதனைக் கவர்ந்ததற்குக் காம்போதி. வித்வானின் ஞானமும் அரசனின் செருக்கும் ஒரே மூச்சில் வரும் அந்த இடத்தில் ராவணனின் பாதி நடிப்பு ஜெயராமனுடையது.

சிவாஜியின் பேச்சுக் குரலோடு சௌந்தரராஜன் குரல்தான் பொருந்தியது, அதனால்தான் ‘தூக்கு தூக்கி’க்குப் (1954) பின் ஜெயராமன் ஒதுங்க நேர்ந்தது என்பார்கள். அந்தப் பொருத்தம் அபூர்வமானது, மறுக்க முடியாது. ஆனால் குரல் ஒத்துப்போவது மட்டுமே அளவுகோல் என்றால் ‘ரத்தக்கண்ணீர்’ பாட்டு தோற்றிருக்க வேண்டும். மேலும், ‘புதையல்’ (1957), ‘தெய்வப்பிறவி’ (1960), ‘பாவை விளக்கு’ (1960) ஆகிய படங்களில் அதே சிவாஜிக்கு அவரையே மீண்டும் பாட அழைத்தார்கள். தாஜ்மகால் முன்னே நின்று சிவாஜி பாடுவதாக வரும் காதல் பாட்டும் இவர் குரல்தான். கருணாநிதியின் உறவால் கிடைத்த வாய்ப்புகள் இவை என்ற பேச்சும் உண்டு. ‘பராசக்தி’க்கும் ‘புதையலு’க்கும் கருணாநிதி வசனம் எழுதினார் என்பது உண்மை. ‘சம்பூர்ண ராமாயண’த்திலோ ‘பாவை விளக்கி’லோ அவருக்குப் பங்கில்லை. அவ்விரு படங்களிலும் ஜெயராமனைப் பாடவைத்தவர் கே. வி. மகாதேவன்.

முகம் ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது என்ற ஏற்பாடு இன்று வீடியோ கேம்வரை வந்துவிட்டது. மரியோ என்ற கேம் பாத்திரத்துக்கு 2023 வரை பல ஆண்டுகள் குரல் கொடுத்தவர் சார்லஸ் மார்ட்டினே. தங்கள் குரலை இயந்திரம் நகலெடுப்பதற்கு ஒப்புதலும் ஊதியமும் கேட்டு, 2024 ஜூலையில் அமெரிக்க கேம் நடிகர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். குரல் தருவதும் நடிப்புதான் என்பதே அவர்கள் வாதத்தின் அடிப்படை. அதை நாம் ஏற்றால், ‘பராசக்தி’, ‘ரத்தக்கண்ணீர்’, ‘சம்பூர்ண ராமாயணம்’ பற்றி எழுதும்போது நடித்தவர்கள் வரிசையிலும் ஜெயராமன் பெயரைச் சேர்க்க வேண்டும்.