வேணாட்டுக் கடற்கரையின் மறைப்பணிக் கோயில்கள்: ஸ்பானிய முறையோடு ஓர் ஒப்பீடு

முன்னுரை

அகத்தியமலையின் அடிவாரத்திலுள்ள போனக்காடு ஆங்கிலேயர் காலத்துத் தேயிலைத் தோட்டத்தால் ஊரானது. திருவனந்தபுரம் மாவட்டத்தின் பழைய மறைப்பணிக் கோயில்களைத் தேடுவோர் இம்மலையை விட்டுக் கடற்கரைக்கே இறங்குதல் வேண்டும். அக்கோயில்கள் ஐரோப்பிய அரசின் ஆக்கமா, ஊராரின் உடைமையா என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

அரசுரிமையும் திருச்சபையும்

1494ஆம் ஆண்டின் தோர்தெசிலாஸ் உடன்படிக்கையால் ஸ்பெயினும் போர்ச்சுகலும் புதிய நிலங்களைத் தம்முள் பங்கிட்டுக்கொண்டன. இந்தியக் கடற்கரையில் மறைப்பணியைப் புரக்கும் உரிமை போர்ச்சுகலுக்கு உரியதாயிற்று. நவாரா நாட்டில் 1506இல் பிறந்த பிரான்சிஸ் சவேரியாரும் போர்ச்சுகல் மன்னரின் ஆதரவிலேயே 1542இல் கோவாவை அடைந்தார். 1580 முதல் 1640 வரை ஸ்பானிய மன்னரே போர்ச்சுகலையும் ஆண்டபோதும் இவ்வுரிமை போர்ச்சுகலிடமே நின்றது. எனவே இக்கரையில் ஸ்பானியர் இருந்தனர். ஸ்பானிய மறைப்பணி நிலையம் இருந்ததில்லை.

ஓலைக்கூரையும் கணக்கப்பிள்ளையும்

முத்துக்குளித்துறைப் பரவர் 1535ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே திருமுழுக்குப் பெற்றுவிட்டனர். 1544இன் இறுதியில் சவேரியார் வேணாட்டுக் கரைக்கு வந்து, முக்குவர் ஊர்களில் ஒரு மாதத்திற்குள் பதினாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் திருமுழுக்களித்ததாக 1545 ஜனவரி 27ஆம் நாளிட்ட மடலில் குறிப்பிடுகிறார். இது போர்த்துக்கீசியர் வென்ற நிலமன்று. உள்நாட்டு மன்னரின் ஆட்சிப்பகுதி. ஆதலின் அரசரின் இசைவும் ஊர்த்தலைவர்களின் ஒப்புதலும் இன்றியமையாதனவாயின.

தொடக்கக்காலக் கோயில்கள் மண்ணும் ஓலையும் கொண்டவை. குருமார் மிகச் சிலர், ஊர்களோ பல. ஆகவே மந்திரங்களைத் தமிழில் பெயர்த்து ஊர்தோறும் விட்டுச்செல்வதும், அவற்றை ஓதுவிக்கக் கணக்கப்பிள்ளைகளை அமர்த்துவதும் சவேரியாரின் முறையாயிற்று. அன்றாட வழிபாடு உள்ளூராரின் கையில் தங்கியது. பின்வந்த அண்டிரிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் தமிழெழுத்தில் அச்சேறியதும் இத்தேவையின் தொடர்ச்சியே எனலாம்.

கலிபோர்னியாவோடு ஒப்பீடு

ஸ்பானிய ஆட்சிக்குட்பட்ட கலிபோர்னியாவில் 1769இல் தொடங்கிய பிரான்சிஸ்கன் துறவியர் பணி 1823க்குள் 21 நிலையங்களாக விரிந்தது. அங்கே கோயிலோடு வயலும் கால்நடையும் பட்டறையும் இணைந்திருந்தன. திருமுழுக்குப் பெற்ற பழங்குடியினர் நிலையத்திலேயே தங்கி உழைக்க வேண்டியிருந்தது. தப்பியோடியோரைப் படைவீரர் பிடித்து வந்தனர். மெக்சிகோ அரசு 1833இல் நிலையங்களைத் துறவியரிடமிருந்து பிரிக்கச் சட்டமியற்றியபின், நிலங்கள் பெரும்பாலும் தனியார் வசமாயின. கட்டடங்கள் பல பாழடைந்தன.

தமிழ்க் கரைக்கும் இத்தகைய சோதனை நேர்ந்தது. டச்சுக்காரர் 1658இல் தூத்துக்குடியையும் 1663இல் கொச்சியையும் கைப்பற்றிக் கத்தோலிக்கக் குருமாரை வெளியேற்றினர். புரவலரின் அரசு வீழ்ந்தது. ஆயினும் கரையோர மக்கள் டச்சுக்காரரின் சீர்திருத்தச் சபையைத் தழுவவில்லை. பங்கு ஊரோடும் குலத்தோடும் தொழிலோடும் பிணைந்திருந்தமையே இதற்குரிய தலையாய காரணம் எனக் கருத இடமுண்டு. அப்பிணைப்பு சாதி எல்லைகளைக் கோயிலுக்குள்ளும் நிலைக்கச் செய்தது என்பதும் மறைத்தற்குரியதன்று.

முடிவுரை

கோயிலைக் கட்டிய அரசை மட்டும் நோக்கின் இவ்விரு கரைகளும் ஒரே குடியேற்ற வரலாற்றின் கிளைகளாகத் தோன்றும். நிலம் யாருடையது, வழிபாட்டை நடத்தியவர் யார் என வினவின் வேறுபாடு தெளிவாகும். வேணாட்டுக் கடற்கரைக் கோயில்களின் வரலாற்றை எழுதுவோர் குருமாரின் மடல்களோடு, பெயரறியப்படாத கணக்கப்பிள்ளைகளின் பணியையும் மையச் சான்றாகக் கொள்ளுதல் வேண்டும்.