நகரப் பெருந்திட்டமும் மலைத் தோட்டமும்



பதுளை நகரை நாற்புறமும் மலைகள் சூழ்ந்து நிற்கின்றன. நமுனுகுலை உயர்ந்து தோன்ற, பதுளை ஓயா நகரை வளைத்து ஓடுகின்றது. மேலே தேயிலைத் தோட்டங்கள். கீழே கடைவீதியும் குடியிருப்பும். சட்டத்தின் கண்ணுக்கு நகரம் வேறு, தோட்டம் வேறு. மலையில் பெய்யும் மழைக்கோ அவ்வேற்றுமை தெரியாது. இந்த முரண்பாட்டின் வரலாற்றையே இன்று சிறிது நோக்குவோம்.

நகரப் பெருந்திட்டம் என்பது யாது? ஓர் ஊரின் நிலம் அனைத்தையும் ஒரே படத்தில் வைத்து, வீடு எங்கே, கடைத்தெரு எங்கே, சாலை எங்கே, எவரும் கட்டாது விடவேண்டிய இடம் எது என முன்கூட்டியே வகுத்துரைக்கும் ஏற்பாடு அது.

ஊவாவில் நிலத்தின் பயனை முதலில் மாற்றியது அத்தகைய திட்டமன்று. 1840ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் முடிக்குரியவை எனக் கொண்டது. அவ்வழியே மலைநிலம் கோப்பித் தோட்டக்காரருக்கு விற்கப்பட்டது; கிராமத்தார் சேனைப் பயிருக்கும் மேய்ச்சலுக்கும் நம்பியிருந்த நிலம் சுருங்கியது. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின், தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. 1886இல் ஊவா தனி மாகாணமாயிற்று. பதுளை அதன் தலைநகராயிற்று. 1924இல் புகையிரதம் பதுளையை வந்தடைந்தது.

இக்காலமெல்லாம் நில அளவையாளர் படம் வரையாமல் இல்லை. ஆனால் அவை தோட்டத்தின் படங்கள். பயிர், தொழிற்சாலை, துரையின் பங்களா என்பவற்றை எண்ணிய அப்படங்களில், தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளரின் லயம் பாதுகாப்பான நிலத்தில் நிற்கின்றதா என்பது முதற்கேள்வியாக இருக்கவில்லை.

நகரத் திட்டச் சிந்தனை கொழும்பிலேயே வேரூன்றியது. அங்கே கொள்ளைநோய் பரவிய மறு ஆண்டு, 1915இல், வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் வந்தது. 1921இல் பற்றிக் கெடிஸ் என்னும் அறிஞர் கொழும்புக்கு ஒரு திட்டம் வகுத்தார். 1946இன் சட்டம் தன் பெயரிலேயே நகரத்தோடு நாட்டுப்புறத்தையும் சேர்த்துக் கொண்டது. 1978இல் அமைந்த நகர அபிவிருத்தி அதிகாரசபையோ, அதற்கென அறிவிக்கப்பட்ட பகுதிகளுக்கே திட்டம் வகுக்கும் பொறுப்புடையது. 1987இன் பிரதேச சபைச் சட்டத்தின்கீழ், தோட்டக் குடியிருப்புக்குச் சபையின் பணத்தைச் செலவிடுவதற்கும் தடை இருந்தது. அத்தடை நீங்க 2018ஆம் ஆண்டின் திருத்தம் வேண்டியிருந்தது.

இதன் விலை 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் தெரிந்தது. பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து, லயங்களை மண்ணுள் புதைத்தது. அபாயம் எவரும் அறியாததன்று. பதுளை, நுவரெலியா மாவட்டங்களின் மண்சரிவு வரைபடப் பணி 1990களிலேயே நடைபெற்றது. மீரியபெத்தை பற்றிய எச்சரிக்கையும் முன்னரே விடுக்கப்பட்டிருந்தது.

அப்படியாயின் குறைந்தது என்ன? வரைபடம் 'இங்கே இருக்காதே' என்று சொல்லும். 'எங்கே போவது, எவர் நிலத்தில், எவர் செலவில்' என்று சொல்வது திட்டம். தொழிலாளிக்கு வீடும் சொந்தமில்லை, நிலமும் சொந்தமில்லை. எச்சரிக்கை கேட்டவன் தானாகப் பெயர்ந்து செல்ல வழியேது? அழிவுக்குப் பின்னர், தப்பியவர்களுக்கு வேறிடத்தில் வீடுகள் கட்டப்பட்டன. கட்டத்தக்க நிலம், ஆகவே, இல்லாமற் போகவில்லை. அது முன்னரும் அங்கேயே இருந்தது.

பிற்காலத்தில் தோட்டக் குடும்பத்துக்கு ஏழு பேர்ச் காணி என்னும் கொள்கை எழுந்தது. நல்ல கொள்கையே. ஆயினும் எந்த ஏழு பேர்ச் என்ற கேள்வி அதனுடன் பிறக்கின்றது. மண் உறுதியானதா, நீர் வடியுமா, பாடசாலைக்கும் பதுளை ஆஸ்பத்திரிக்கும் பாதை உண்டா என்பவற்றுக்கு உறுதிப்பத்திரம் விடை சொல்லாது. நகரத்தையும் அதன் தலைமேல் நிற்கும் தோட்டத்தையும் ஒரே தாளில் வரையும் பெருந்திட்டமே அதற்கு விடை சொல்ல வல்லது.